பைக்கை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போவது எப்படி? சென்னைக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையில் பைக்கிலிருந்து மாநகரப் பஸ்ஸுக்கு மாறிப் பார்க்கிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "பஸ்ஸே வரமாட்டேங்குது" என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால் விஷயம் வேறாக இருக்கும். வீட்டுப் பக்கத்தில் ஏறி ஆபீஸ் பக்கத்தில் இறக்கிவிடும் ஒரே ஒரு நம்பரைக் கண்டுபிடித்து, அதற்காக மட்டுமே நின்றிருப்பார்கள். அரை மணிக்கு ஒன்று வரும் நம்பராக இருந்தால், ஒரு வண்டி தவறினாலே அன்றைய காலை போச்சு.

பஸ்ஸில் பழகியவர்கள் நம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. எந்தச் சாலையில் எதெல்லாம் ஓடுகிறது, எந்த ஜங்ஷனில் இறங்கினால் அடுத்தது உடனே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பார்கள். இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான்.

முதலில் கணக்கு

ஒரு வழிக்கு 15 கிலோமீட்டர், மாதம் 25 வேலை நாள் என்றால் மொத்தம் 750 கிலோமீட்டர். நெரிசலில் ஓடும் பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 17 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,700 ரூபாய். ஆயில், பிரேக் ஷூ, டயர், செயின் தேய்மானம் எல்லாம் தனி. இதே தூரம் காரில் என்றால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கணக்கில் 6,250 ரூபாய் பெட்ரோலுக்கே போகும்.

ஏசி இல்லாத மாநகரப் பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கும் மாதப் பாஸ் 1,000 ரூபாய். ஏசி பஸ்களுக்கும் சேர்த்து 2025 மார்ச்சில் வந்த பாஸ் 2,000 ரூபாய். ஆக, கார்காரருக்கு மிச்சம் பெரியது. பைக்காரருக்குச் சில நூறு ரூபாய்தான். பைக்கில் போகிறவர் காசுக்காக மட்டும் மாறினால் நிலைக்காது. முதுகு வலி, புகை, மழைக்காலப் பள்ளங்கள், தினமும் ஒன்றரை மணி நேரம் கண்ணைச் சாலையிலேயே வைத்திருக்கும் அசதி, இவற்றிலிருந்து விடுதலை வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் தொடர்ந்து போகிறார்கள். பெண்களுக்குக் கணக்கே வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் அவர்களுக்குக் கட்டணமில்லை.

நேரம் கூடும், அதில் ஒளிவுமறைவு வேண்டாம். பைக்கில் 45 நிமிடம் என்றால் நடை, காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்த்து 70 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த 70-இல் 40 நிமிடமாவது கை இரண்டும் சும்மா இருக்கும்.

வழியைச் சாலைகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் வீடு, வேலையிடம் இரண்டையும் எழுதுங்கள். நடுவில் தெருக்களை விட்டுவிட்டு, கடக்கும் பெரிய சாலைகளை மட்டும் குறியுங்கள்: அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஜிஎஸ்டி சாலை, நூறடி சாலை, ஆற்காடு சாலை, ஓஎம்ஆர். அடுத்து, இப்படிப்பட்ட பெரிய சாலைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்: கிண்டி, சைதாப்பேட்டை, வடபழனி, கோயம்பேடு, மத்திய கைலாஷ், எஸ்ஆர்பி டூல்ஸ், திருமங்கலம், மூலக்கடை, சென்ட்ரல். சென்னையில் பெரும்பாலான பயணங்கள் இப்படி இரண்டு சாலை, ஒரு ஜங்ஷன் என்ற அளவில் அடங்கிவிடும்.

உதாரணம் பார்ப்போம். வடபழனியிலிருந்து சோழிங்கநல்லூர் போக வேண்டும். கோயம்பேட்டிலிருந்து கேளம்பாக்கம் போகும் 570 நேராகக் கொண்டுபோய் விடும். அது வந்தால் ஏறிக்கொள்ளுங்கள். வராவிட்டால்? எஸ்ஆர்பி டூல்ஸுக்கு அப்பால் ஓஎம்ஆரில் 570 மட்டும் ஓடவில்லை. பிராட்வேயிலிருந்து வரும் 102, தி.நகரிலிருந்து சைதாப்பேட்டை வழியாக வரும் 19 என்று பலதும் அதே சாலையில்தான் போகின்றன. ஆகவே வடபழனியில் நின்று 570-க்கு வழி பார்ப்பதை விட, முதலில் வரும் ஏதோ ஒரு வண்டியில் சைதாப்பேட்டை போய் அங்கிருந்து மாறுவது பல நாட்களில் சீக்கிரம் கொண்டுபோய் சேர்க்கும்.

இதே காரணத்தால், வீட்டுக்கு மிக அருகில் உள்ள ஸ்டாப்தான் நல்ல ஸ்டாப் என்று நினைக்க வேண்டாம். 200 மீட்டரில் ஒரே நம்பர் நிற்கும் ஸ்டாப், 700 மீட்டரில் ஏழெட்டு நம்பர் நிற்கும் ஸ்டாப் இரண்டும் இருந்தால் இரண்டாவதற்கு நடங்கள். கூடுதல் நடை ஆறேழு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை முதல் ஸ்டாப்பில் எப்படியும் நின்றே கழித்திருப்பீர்கள்.

நம்பர், வழித்தடம், வண்டி இப்போது எங்கே வருகிறது என்பதைப் பார்க்க ‘சென்னை ஒன்’ செயலி இருக்கிறது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும் இது 2025 செப்டம்பரில் வந்தது. வண்டி எங்கே என்ற தகவலை ஒரு துணையாக வைத்துக்கொள்ளுங்கள், வேதவாக்காக வேண்டாம். செயலி நான்கு நிமிடம் என்று காட்டும்போது நடுவில் ஒரு சிக்னல் இருந்தால் அது ஒன்பதாகும். அடிக்கடி போகும் சாலையில் ஓடும் எண்களை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், செயலி வேலை செய்யாத நாளிலும் கவலை இல்லை. வழித்தடங்கள் அவ்வப்போது நீட்டப்படும், குறைக்கப்படும். அதனால் பழைய பட்டியலை நம்பாமல் ஸ்டாப்பில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சென்னை ஸ்டாப்பில் கேட்டால் பதில் சொல்லாத ஆள் குறைவு.

பலகையைப் படிப்பது

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து அலங்காரம் இல்லை. 29சி பெரம்பூர் – பெசன்ட் நகர். அதே 29-இல் வேறு எழுத்து வந்தால் வழியோ கடைசி நிறுத்தமோ மாறிவிடும். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான்: எண்ணை மட்டும் பார்த்து ஏறி, பாதி வழியில் வண்டி வேறு சாலையில் திரும்பும்போது திடுக்கிடுவார்கள். எண், எழுத்து, ஊர்ப் பெயர் மூன்றையும் பாருங்கள். ‘கட் சர்வீஸ்’ என்றால் முழு வழியும் போகாமல் நடுவிலேயே திரும்பிவிடும் வண்டி. உங்கள் இடம் அதற்குள் அடங்கினால் தாராளமாக ஏறலாம், கூட்டமும் குறைவாக இருக்கும். ‘எஸ்’ என்று தொடங்கும் எண்கள் சிற்றுந்துகள். பெரிய பஸ் நுழையாத உட்பகுதிகளை மெயின் ரோட்டோடும் ரயில் நிலையத்தோடும் இணைப்பதற்காக 2013-இல் விடப்பட்டவை. வீட்டிலிருந்து மெயின் ரோடு வர இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் குறைவு, அது வருத்தம்தான்.

கட்டண வகையையும் பார்க்க வேண்டும். சாதாரணக் கட்டணம், எக்ஸ்பிரஸ், சொகுசு, ஏசி என்று ஒரே வழிக்கு ஒவ்வொன்றிலும் காசு வேறு. பெண்களுக்கு இலவசம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மட்டுமே. முகப்பில் இளஞ்சிவப்பு நிறமோ கண்ணாடியில் ‘மகளிர் விடியல் பயணம்’ என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஏறும் முன்பே கண்டக்டரிடம் கேளுங்கள். ஏறிய பிறகு வாக்குவாதம் இருவருக்கும் சங்கடம்.

முதல் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தால் பயனில்லை. அன்று சாலை காலி, வண்டியும் குறைவு. செவ்வாய் அல்லது புதன் கிழமை, வழக்கமான நேரத்துக்கு 30 நிமிடம் முன்பே கிளம்புங்கள். ஸ்டாப்புக்கு வந்த நேரம், ஏறிய நேரம், ஜங்ஷனில் இறங்கிய நேரம், வேலையிடம் சேர்ந்த நேரம் நான்கையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் குறித்தால், எங்கே நேரம் போகிறது என்று தெளிவாகிவிடும். பெரும்பாலும் பஸ்ஸுக்குள் இருக்கும் நேரம் நாளுக்கு நாள் அவ்வளவாக மாறாது. ஸ்டாப்பில் நிற்கும் நேரம்தான் மாறும். அதைக் குறைக்க முன் சொன்ன வழிதான்: இன்னும் அதிக நம்பர் வரும் ஸ்டாப்.

கிளம்பும் நேரத்தை 20 நிமிடம் முன்தள்ளிப் பாருங்கள். 8:30-க்கு ஏறுவதற்கும் 8:10-க்கு ஏறுவதற்கும் கூட்டத்தில் உள்ள வித்தியாசம், 20 நிமிடத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கத் தகுந்தது. பள்ளி, கல்லூரிக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் ஏறிவிடுவீர்கள்.

டிக்கெட்டும் பாஸும்

கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் இல்லை, ஸ்டேஜ் கணக்கில். சில ஸ்டாப்கள் சேர்ந்தது ஒரு ஸ்டேஜ். அதைத் தாண்டினால் கட்டணம் ஒரு படி ஏறும். ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடந்தால் டிக்கெட் குறையும் இடங்கள் உண்டு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, பஸ் மாறினால் டிக்கெட் புதிதாக எடுக்க வேண்டும். முதல் பஸ் டிக்கெட் இரண்டாவதில் செல்லாது. இதனால்தான் பாஸ் கணக்கு சுவாரசியமாகிறது. 25 நாளுக்கு 1,000 ரூபாய் என்றால் நாளுக்கு 40. நேர் பஸ்ஸில் ஒரு வழிக்கு 15 ரூபாய் கொடுப்பவர் மாதம் 750-ஐத்தான் தொடுவார், அவருக்குப் பாஸ் நஷ்டம் போலத் தெரியும். ஆனால் கையில் பாஸ் இருந்தால் ‘சொகுசு வண்டியா, விட்டுவிடுவோம்’ என்ற யோசனை போய்விடும். ஜங்ஷனில் மாறத் தயங்க மாட்டீர்கள். இரண்டு ஸ்டாப் தூரத்துக்கும் ஏறுவீர்கள். காத்திருப்பைக் குறைப்பது பாஸ்தான். மாறி மாறிப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

பஸ் நிலையக் கவுன்டரில் தரும் இந்தப் பாஸின் மாதம் 16-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15-இல் முடியும். 1-ஆம் தேதி தொடங்கும் என்று நினைத்துப் போய் ஏமாற வேண்டாம். முதல் தடவை அடையாள அட்டைக்குப் புகைப்படம் கொண்டு போங்கள். தேதி நெருங்கினால் வரிசை நீளும். காலைக் கூட்டம் ஓய்ந்தபின் போவது நல்லது.

பாஸ் வேண்டாம் என்றால் காசு, யூபிஐ, சிங்காரச் சென்னை அட்டை, செயலி டிக்கெட் எதுவும் ஆகும். சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவிலும் செல்லும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் போகிறவர்களுக்கு வசதி. கூட்டத்தில் யூபிஐ சில நேரம் சிக்னல் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே சட்டைப் பையில் பத்து, ஐந்து ரூபாயாக ஒரு 50 ரூபாய் எப்போதும் இருக்கட்டும். செயலியில் எடுப்பதானால் ஏறும் பஸ்ஸின் வகை தெரிந்த பிறகு எடுங்கள், ஏனென்றால் வகைக்கு வகை கட்டணம் வேறு.

கூட்டத்தில் கண்டக்டர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். காசை முன்னால் நிற்பவரிடம் நீட்டி, "ஒரு சைதாப்பேட்டை, பாஸ் பண்ணுங்க" என்றால், அது நாலு கை மாறிப் பின்னால் போகும். அதே கைகள் வழியாக டிக்கெட்டும் சில்லறையும் திரும்பி வரும். எண்ணிக்கையும் இடமும் மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். இப்படிக் கொடுத்து அனுப்பும்போது 500 ரூபாய்த் தாளை நீட்டுவது எல்லோருக்கும் தொந்தரவு. சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவார். உங்கள் ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்பே அவரிடம் போய் வாங்கிவிடுங்கள். இறங்கும் நேரத்தில் கேட்டால் வாய்ப்பில்லை.

இலவசப் பயணம் செய்யும் பெண்களும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் செக்கிங்கில் பிடிபட்டால் அபராதம் 500 ரூபாய். இறங்கிய பிறகு படிக்கட்டுக்குக் கீழேயும் பரிசோதகர் நிற்பார் என்பதால் ஸ்டாப்பைத் தாண்டும் வரை டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். 60 வயது முடிந்த சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

ஏறுவது, நிற்பது, உட்காருவது

நிழற்குடைக்கு நேராக பஸ் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முன்னால் ஒரு வண்டி நின்றால் பின்னதற்கு இடமில்லை; ஷேர் ஆட்டோ அடைத்துக்கொண்டால் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவார். தினமும் நிற்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள், அங்கே நில்லுங்கள். தூரத்திலேயே கையை நீட்டுங்கள். ஒரு வண்டி நிற்காமல் போவதற்கு ஒரு பெரிய காரணம், ஸ்டாப்பில் யாரும் அதற்காக அசையாதது.

ஏறியதும் படியருகே நிற்கும் பழக்கம் வேண்டாம். நடுவில் இடம் இருக்கும்போதே படியில் நெரிசல் வருவது இதனால்தான். முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்காது, போனும் பர்ஸும் கண் முன்னால் இருக்கும். கம்பியை ஒரு கையால் பிடித்து, கால்களைச் சற்று அகட்டி, வண்டி போகும் திசைக்குப் பக்கவாட்டாக நின்றால் திடீர் பிரேக்கில் தடுமாற மாட்டீர்கள்.

இருக்கைகளில் இடது பக்கம் பெண்களுக்கு, வலது பக்கம் பொது. உட்கார இடம் தேர்ந்தெடுக்க முடிகிற நாளில் வெயிலையும் கணக்கில் எடுங்கள். தாம்பரத்திலிருந்து காலையில் நகருக்குள் வருகிறவருக்குக் கிழக்கு வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பும்போது மேற்கும் வலப்பக்கமே. அதாவது ஜிஎஸ்டி சாலைக்காரருக்கு இரு நேரமும் வலது ஜன்னலில்தான் வெயில். நகரிலிருந்து காலையில் ஓஎம்ஆருக்குப் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழ், இரு நேரமும் இடது ஜன்னல். மே மாதம் ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் சட்டை நனைந்துவிடும். வெயிலடிக்கும் பக்கம்தான் கிடைக்கிறது என்றால் ஜன்னலை விட்டு நடைபாதை ஓர இருக்கையைப் பிடியுங்கள்.

தாழ்தளப் பஸ்கள் 2024 ஆகஸ்டிலிருந்து ஓடுகின்றன. ஸ்டாப்பில் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இவை ஓடும் வழித்தடத்தைத் தேடிப் பிடிப்பது நல்லது. ஆனால் பஸ் நடைபாதையை ஒட்டி நிற்காவிட்டால் இந்த வசதி பாதி வீண். ஆட்டோக்களும் பைக்குகளும் ஸ்டாப்பை விட்டுத் தள்ளி நிற்கிற வரை இது சரியாகாது.

சிக்கல்களும் காரணங்களும்

அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு ஒரே நம்பரில் மூன்று வரும். இது டிரைவர்களின் குறும்பு இல்லை. முதல் வண்டி சிக்னலில் தாமதமானதும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதற்கு ஆள் அதிகம் சேர்கிறார்கள். ஏற்றி இறக்க மேலும் நேரமாகிறது. பின்னால் வருவதற்கு ஆளே இல்லாததால் வேகமாக வந்து முட்டிக்கொள்கிறது. எனவே நீண்ட நேரத்துக்குப் பின் வரும் முதல் வண்டி பிதுங்கி வந்தால் விட்டுவிடுங்கள். பின்னாலேயே ஒன்று வருகிறதா என்று பாருங்கள், அல்லது செயலியில் சரி பாருங்கள். பல நேரம் அதில் உட்காரவே இடம் கிடைக்கும்.

மதியம் டிரைவர், கண்டக்டர் பணி மாறும் வேளையில் சில வழித்தடங்களில் இடைவெளி நீளும். அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். அந்த நேரத்துக்கு ரயிலையோ மெட்ரோவையோ வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் ஆற்காடு சாலை, ஓஎம்ஆர் போன்ற இடங்களில் ஸ்டாப்கள் இடம் மாறியிருக்கும். நேற்று நின்ற இடத்தில் இன்று தடுப்பு இருக்கலாம். கடைக்காரரிடம் கேட்பதே விரைவான வழி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வலுத்தால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று பஸ்கள் சுற்றிப் போகும். அந்த மூன்று மாதத்துக்கும், சுரங்கப்பாதை இல்லாத ஒரு மாற்று வழியை முன்பே யோசித்து வையுங்கள். குடையை விட முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு நல்லது. கூட்ட பஸ்ஸில் நனைந்த குடையை வைக்க இடமிருக்காது. ஆபீசில் ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கட்டும்.

இரவு 10 மணிக்கு மேல் வண்டிகள் வேகமாகக் குறையும். இரவு சேவை சில பெரிய சாலைகளில் மட்டும் உண்டு. தாமதமாகும் என்று தெரிந்த நாளில் காலையிலேயே கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலோடு சேர்த்து

20 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள் முழுத் தூரத்தையும் பஸ்ஸிலேயே போக நினைக்க வேண்டாம். தாம்பரம் – கடற்கரை, கடற்கரை – வேளச்சேரி, சென்ட்ரலிலிருந்து ஆவடி பக்கம் எல்லாம் புறநகர் ரயில் சிக்னலுக்கு நிற்பதில்லை. நீளமான பகுதிக்கு ரயில், இரு முனைக்கும் பஸ் என்று வைத்தால், நேரம் நாளுக்கு நாள் ஏறி இறங்காது. கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கும் இதுவே பொருந்தும். நகருக்குள் போகும் பஸ்கள் அங்கேயே நிற்கின்றன. ஆனால் காலை நெரிசலில் தாம்பரம் வரை பஸ்ஸில் வந்து ரயில் ஏறுவது பெரும்பாலும் விரைவு.

பைக்கை என்ன செய்வது

விற்றுவிடாதீர்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு. மளிகை, மருத்துவமனை, நள்ளிரவு ரயில் இதற்கெல்லாம் வேண்டியிருக்கும். நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். வாரம் மூன்று நாள் பஸ், இரண்டு நாள் பைக் என்று தொடங்குவதில் தவறே இல்லை. ஒரே நாளில் முழுதாக மாறுகிறவர்களை விட இப்படி மாறுகிறவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

பொருளைத் தவறவிட்டால், புகார் இருந்தால்

டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்த வண்டி, எந்த நேரம் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். பாஸ்காரர்களிடம் டிக்கெட் இருக்காது. அவர்கள் ஏறும்போதே வண்டிப் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்து வைப்பது நல்லது. பையோ டிபன் பாக்ஸோ விட்டுவிட்டால் உடனே அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில் உள்ள நேரக்காப்பாளரிடம் போங்கள். வழித்தட எண், ஏறிய இடம், இறங்கிய நேரம், வண்டி எண் நான்கையும் சொன்னால், அந்த வண்டி எந்தப் பணிமனையைச் சேர்ந்தது என்று அவர் சொல்லிவிடுவார். கண்டக்டர் கண்டெடுத்திருந்தால் பணி முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது பொருளையும் அங்கேதான் கொடுப்பார். ஆகவே அன்றிரவோ மறுநாள் காலையோ பணிமனைக்கு நேரில் போவது, போனில் கேட்பதை விடப் பலன் தரும்.